சுழல்மேகத்துக்கு இரண்டாவது சாட்சி

தெற்கு லண்டனில், சட்டன் என்ற ஊரில், ஞானேஸ்வரனிடம் கார் ஓடப் பழகிய எல்லோருக்கும் மழையில் ஓடத் தெரியும். வெயிலில் ஓடுவதில்தான் சிலருக்குத் தடுமாற்றம். வானம் கறுக்கும் நாட்களில் அவருடைய பாடம் ஒரு மணித்தியாலத்தில் முடியாது. காலையில் பாடத்துக்குப் போன பெண் பின்னேரம் திரும்பி வந்து, கென்ட் கரை வரைக்கும் போய்வந்ததாகப் புருஷனிடம் சொல்லுவாள். புருஷன்மார் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு காரின் கூரையில் ஆலங்கட்டி விழுந்த பள்ளங்களைப் பார்த்துச் சமாதானமானார்கள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கார் பழக்குவது இருபத்திரண்டு வருடமாக. இடிப்புயல்களைத் துரத்திப் போய்ப் பார்ப்பது பதினொரு வருடமாக. குடிப்பழக்கம் இல்லாத மனிதர் என்பதால் மனைவி சிவனேஸ்வரி இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒருமுறை அவளும் கூடப் போனாள். தூங்கிக்கொண்டு போய், தூங்கிக்கொண்டு வந்தாள்.

புயல் பார்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். ஞானேஸ்வரன் அனுப்பிய இடி, ஆலங்கட்டி அறிக்கைகளை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவற்றை ராடரிலும் பார்க்கலாம். மேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கைபோல இறங்கும் சுழல் அப்படியல்ல. அதற்குப் படம் வேண்டும். இல்லையென்றால் கண்ணால் கண்ட இன்னொருவர் வேண்டும். இரண்டு தடவை அதை அவர் தனியாகக் கண்டார். இரண்டு தடவையும் போன் கைக்கு வருமுன் அது மேலே போய்விட்டது. இரண்டு அறிக்கைகளும் 'உறுதிப்படுத்தப்படாதவை' என்ற நிரலில் கிடக்கின்றன. ஒன்றையாவது அங்கிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

'உறுதிப்படுத்தப்படாதவை' என்ற சொல்லை அவர் முதலில் ஜெர்மன் மொழியில் படித்தவர். இருபத்துநாலு வயதில், ஸ்டுட்கார்ட்டில், அகதி விண்ணப்பம் விசாரித்த அதிகாரியிடம், இலங்கையில் தான் வந்த பஸ்ஸை ஆயுதக்காரர் மறித்து நாலு பேரை இறக்கிக் கொண்டுபோனதைச் சொன்னார். வேறு யார் கண்டது என்று அதிகாரி கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள். அவர்கள் இப்போது எங்கே? தெரியாது. விண்ணப்பம் தள்ளுபடியானது. பிறகு லண்டனில் அதே பஸ்ஸை, அதே நாலு பேரைச் சொன்னார். இம்முறை லூயிஷாமில் இருந்த ஒருவர் தானும் அந்த பஸ்ஸில் வந்ததாகக் கடிதம் கொடுத்தார். அந்த வருடம் முழுக்கக் கொழும்பில் இருந்தவர் அவர். விண்ணப்பம் வென்றது. லூயிஷாம் சிவன் கோயிலில் காணும்போது இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். பேசுவதில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை பாடம் சிவரூபினிக்கு. பாரிசிலிருந்து வந்து எட்டு வருடம், மருந்துக்கடையில் வேலை, சோதனையில் நாலு தரம் தவறியவள். ஐந்தாவது சோதனை அடுத்த செவ்வாய்.

"தங்கச்சி, இண்டைக்கு மோட்டர்வேயில ஓடுவம்."

அவள் வானத்தைப் பார்த்தாள். "எவ்வளவு தூரம் அண்ணை?"

"கொஞ்சம்."

"உங்களிட்டப் பழகின பிரீத்தா சொன்னவள். உங்களோட வந்தா சாப்பாடு கட்டிக்கொண்டு வரோணுமாம்." பின் இருக்கையில் ஒரு பையை வைத்தாள். "கார்ல இடி விழுந்தா ஒண்டும் செய்யாதாம். டயர் றப்பராம்."

"டயர் இல்லை. தகரந்தான் காப்பாத்தும்."

"அப்ப சரி."

மோட்டர்வேயில் ஃபிளீட் தரிப்பிடத்தில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தார்கள். ஞானேஸ்வரன் போனில் ராடரைப் பார்த்தார். சால்ஸ்பரி சமவெளியை நோக்கிச் சிவப்பாக ஒரு திட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"எனக்கு ஒரு சாட்சி வேணும் தங்கச்சி."

"கோட்டுக்கோ?"

"மேகத்துக்கு."

விவரத்தைச் சொன்னார். அவள் கட்லட்டைக் கடித்தபடி கேட்டாள். "என்ர சோதனைக்கு நீங்கள் சாட்சி வரேலாது. பரவாயில்லை, நான் வாறன்," என்றாள்.

சமவெளியில் இரண்டு பக்கமும் ராணுவத்தின் புல்வெளி. டாங்கிகள் குறுக்கே வரும் என்று பலகைகள். மரமில்லை, வீடில்லை, ஒதுங்க இடமில்லாத ஒற்றைத் தெரு. மேற்கே வானம் தரைவரைக்கும் கருநீலமாக நின்றது. பின்னால் ஒரு லொறி ஒட்டிக்கொண்டு வந்தது. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்போதுதான் அது இறங்கியது. ஞானேஸ்வரனின் ஜன்னல் பக்கம், ஒரு மைல் தூரத்தில், மேகத்தின் அடியிலிருந்து சாம்பல்நிறத்தில் ஒல்லியாக நீண்டு, கொஞ்சம் வளைந்து, நிலத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் புழுதி எழும்பியது.

"தங்கச்சி, இடப்பக்கம்!"

அவள் இண்டிகேட்டரைப் போட்டாள்.

"திருப்பாதேங்கோ. பாருங்கோ!"

அவள் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். "ஒருத்தரும் வரேல்லை அண்ணை. பின்னால லொறிதான்."

பழக்குபவர் ஓடும் காரில் போனைக் கையில் எடுப்பது குற்றம். அதற்கு லைசன்ஸ் போனால் தொழிலும் போய்விடும். காரில் பொருத்திய கமரா முன்னால் தெருவை மட்டுமே பார்த்தது. ஞானேஸ்வரன் தன் பக்கத்துப் பிறேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, ஒரு நிமிடமும் இருபது விநாடியும் பார்த்தார். பிறகு அது மேலே போய்விட்டது. ஒதுங்க ஓர் இடம் வந்தபோது சாதாரண மழை பெய்துகொண்டிருந்தது.

"கண்டனீங்களோ?"

"இல்லை அண்ணை. காத்து இழுத்தது, லொறிக்காரன் விடுறானில்லை. நான் றோட்டைத்தான் பாத்தனான்."

ஃபிளீட்டிலிருந்து இங்குவரை ஒரு தடவையாவது தன் பிறேக்கை அழுத்தவேண்டி வந்ததா என்று ஞானேஸ்வரன் யோசித்தார். இல்லை. அவளை ஏச வழியில்லை. போனில் சங்கத்தின் படிவத்தைத் திறந்து தன் பகுதியை நிரப்பினார். இரண்டாவது சாட்சி என்ற இடத்தில் விரல் நின்றது.

"இஞ்ச தாங்கோ," என்று சிவரூபினி போனை வாங்கினாள். "நான் கண்டதெண்டு போடுறன்."

"நீங்கள் காணேல்லையே."

"நீங்கள் கண்டனீங்கள்தானே? பிறகென்ன? பிரான்சில என்ர கேசுக்கு மூண்டு பேர் கடிதம் தந்தவை. அதில ஒருத்தர் என்னை முதல்முதல் கண்டதே என்ர கலியாணத்திலதான்." தட்டத் தொடங்கினாள். "என்ன நிறம்?"

அவர் தன் பக்கத்து ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தார். பிறகு, "சாம்பல்," என்றார்.

"நிலத்தில தொட்டதோ எண்டு கேக்குது."

"தொட்டது. நான் அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

"ரெண்டு பேரும் அச்சொட்டா ஒண்டையே சொன்னா நம்பமாட்டாங்கள் அண்ணை. ஒண்டு கொஞ்சம் மாறோணும். நான் தொட்டது தெரியேல்லை எண்டு போடுறன். மரம் மறைச்சதெண்டு."

"இஞ்ச மரமே இல்லை."

"அவங்கள் வந்து பாக்கவோ போறாங்கள்?"

லூயிஷாம்காரரின் கடிதத்தில் மூன்று பேர் என்றுதான் இருந்தது. வழக்கறிஞரின் எழுத்தர் இதே யோசனையைத்தான் சொல்லியிருந்தார். தீர்ப்பிலும் மூன்று பேர் என்றே வந்தது. திருத்தச் சொல்லி ஞானேஸ்வரன் கேட்கவில்லை. விசா கையில் இருந்தது. நாலாவது ஆள் நீலக்கோடு போட்ட சட்டை அணிந்திருந்தார். இந்த நாட்டின் தீர்ப்பில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கவேயில்லை.

"தாங்கோ," என்று போனை வாங்கினார். அவள் தட்டியதையெல்லாம் அழித்தார். இரண்டாவது சாட்சி: இல்லை. காரணம்: கூட வந்தவர் கார் ஓடிக்கொண்டிருந்தார்.

"இனி நம்பமாட்டாங்களே!"

"நம்பமாட்டாங்கள்."

"உங்களுக்கு நல்ல விசர் அண்ணை. வேணுமெண்டா தொட்டதெண்டே போட்டிருப்பன்."

அனுப்பிவிட்டார்.

பதினேழு நாளில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. கவனமாகப் பரிசீலித்ததாகவும் உறுதிப்படுத்தப்படாதவற்றில் சேர்த்திருப்பதாகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பதிவின் பிரதியும் இணைத்திருந்தார்கள். ஞானேஸ்வரன் அடுத்த மாணவியின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி அதைப் படித்தார். நாள், இடம், ஒரு நிமிடம் இருபது விநாடி. நிலத்தைத் தொட்டதா: ஆம். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. இன்னொரு முறை படித்துவிட்டு, இறங்கிப்போய் மணியை அடித்தார்.