குளித்துவிட்டுச் சுட்ட நாய் பிஸ்கட்

1. வாசலுக்கு வந்த ஆர்டர்

பேக்கரி வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு எனக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு நாய்க்கு. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை முதலாளிகள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அடுக்கு கேக் போட்ட மாஸ்டர் நான். க்ரீமை ருசி பார்த்துப் பார்த்தே எனக்கு சுகர் வந்தது என்று என் மகள் சொல்வாள். ஓவன் சூட்டில் நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். மகள் ஒரு சின்ன ஓடிஜி ஓவன் வாங்கிக் கொடுத்தாள். அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அடுத்த தெருவில் ஏகாம்பரம் பட்டுத் தறி நெய்கிறான். போன வருஷம் ஒரு காலையில் வந்து வாசலில் நின்றான்.

"மாஸ்டர், சக்கர இல்லாத பிஸ்கட் கொஞ்சம் போட்டுக் குடுக்கணும்."

"யாருக்கு சுகர்? உனக்கா, உன் பொண்டாட்டிக்கா?"

"ஜிம்மிக்கு மாஸ்டர்."

ஜிம்மி அவன் வீட்டு நாய். பொட்டை நாய்க்கு ஜிம்மி என்று பேர் வைத்த புண்ணியவானும் அவன்தான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாய்க்கு பிஸ்கட் போடறதுக்காடா நான் தொழில் கத்துக்கினேன்? போய் கடையில வாங்கிக்கோ" என்று கத்தினேன்.

அவன் போகவில்லை. "சுகர் வந்து கண்ணு வேற மங்கிப்போச்சு மாஸ்டர். தினம் ரெண்டு வேள சாப்பாடு வெச்சு இன்சுலின் ஊசி போடணும். ஸ்பிரிட் வாசன வந்தாலே தறிக்குழியில பூந்துக்குது. கைய வுட்டா கடிக்குது. முன்னெல்லாம் டீ பிஸ்கட்ட காட்டினா வெளிய வரும். டாக்டரம்மா அத நிறுத்திட்டாங்க. ஊசி ஒழுங்கா போடலன்னா ரொம்ப நாள் தாங்காதுன்றாங்க" என்றான். கடைசி வார்த்தை சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் ஓவன் மேலிருந்த பேப்பரை எடுத்துக் கீழே வைத்தேன்.

2. கை போன இடமெல்லாம் தப்பு

பேக்கரி வேலையில் பாதி வேலையைக் கையே செய்துவிடும். நினைப்பு வேறெங்கோ இருந்தாலும் கை சர்க்கரை டப்பாவுக்குப் போகும், உப்புக்குப் போகும், வெனிலா எசென்ஸுக்குப் போகும். இந்த மூன்றையும் விட்டால் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் டீக்குப் போட்டுக்கொள்கிற சுகர் ஃப்ரீ பொடி நினைவுக்கு வந்தது. அதைப் போடலாமா என்று கேட்க ஏகாம்பரத்தோடு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாய், பூனைகளுக்குக் கிளினிக் வைத்திருக்கிற சின்னப் பெண். நான் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஐயோ மாஸ்டர், அத மட்டும் போட்டுடாதீங்க! சில சுகர் ஃப்ரீயில சைலிட்டால்னு ஒண்ணு கலப்பாங்க. நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு விஷம். கொஞ்சம் போனாலே ஆபத்து."

"அப்போ இனிப்புக்கு என்னம்மா பண்றது?"

"இனிப்பு வேணும்னு ஜிம்மி கேட்டுதா? அது மூக்காலதான் சாப்பிடுது. வாசன இருந்தா போதும். ஆனா எல்லா பிஸ்கட்டும் ஒரே அளவுல இருக்கணும். தினம் அதே அளவு போனாத்தான் நான் ஊசிக்கு டோஸ் சொல்ல முடியும்."

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ருசி போனால் போகட்டும், ஒரே அளவில் பிஸ்கட் போடுவது என் தொழில். வெங்காயம், திராட்சை, சாக்லேட் பக்கமே போகக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

கடலை மாவு, வேகவைத்து மசித்த பீன்ஸ், ஒரு முட்டை, உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி கொஞ்சம். கெட்டியாகப் பிசைந்து, ஒரே தடிமனில் தேய்த்து, சின்ன கட்டரில் வெட்டி, ஈரம் போகும்வரை மெதுவான சூட்டில் விட்டேன். டாக்டரம்மா பார்த்து, ஒரு வேளைக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது என்றார். ஏகாம்பரம் வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஜிம்மி, நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் இருந்தது. மேலிருந்து ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். முதலில் மூக்கு வந்தது, பிறகு தலை, பிறகு முழு நாயும் வந்தது. அது மென்றுகொண்டிருக்கும்போதே ஏகாம்பரம் ஊசியைப் போட்டுவிட்டான். கல்யாண கேக்குக்குக்கூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

3. பழி

கொஞ்ச நாளில் ஏகாம்பரம் மறுபடி வந்தான். இந்த முறை முகமே சரியில்லை. கிளினிக்கில் டெஸ்ட் எடுத்தார்களாம். வேளை தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. ஜிம்மி இளைத்துக்கொண்டே போகிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். பிஸ்கட்ல எதுனா கைமறதியா..."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நேரே கிளினிக்குக்குப் போய் மீதி பிஸ்கட்டை மேஜை மேல் கொட்டினேன். டாக்டரம்மா ஒன்றை உடைத்து மோந்தார். "பிஸ்கட்ல ஒண்ணுமில்ல மாஸ்டர். வேற எங்கயோ இருந்து போகுது. ஒருநாள் அவங்க வீட்டுல ஒக்காந்து பாருங்க. சண்ட போடாம பாருங்க" என்றார். கடைசி வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் நெய்துகொண்டிருந்தான். ஜிம்மி அவன் காலடியில் குழியில் படுத்திருந்தது. அவன் மனைவி செல்வி காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். கையில் தொன்னை. எனக்கு ஒரு கை கொடுத்தாள், ஏகாம்பரத்துக்குக் கொடுத்தாள், பிறகு குனிந்து ஒரு பெரிய உருண்டையை ஜிம்மி வாயில் ஊட்டினாள். நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல்.

"ஏம்மா செல்வி! என்னம்மா பண்ற?"

"என்ன மாஸ்டர்?"

"சக்கரப் பொங்கல்மா அது!"

"பிரசாதம் மாஸ்டர்" என்றாள், எனக்குப் புரியாததை எடுத்துச் சொல்வதுபோல. "தெனம் கோயிலுக்குப் போயி வாங்கியாரேன். அதப் போயி பொங்கல்னு சொல்றீங்களே."

ஏகாம்பரம் தறியில் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அவனும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். டாக்டரம்மா என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோதெல்லாம் சோறு, கறி, பிஸ்கட் என்று சொன்னவனுக்குப் பிரசாதம் வாயில் வரவே இல்லை. அது அவர்களுக்குத் தீனி வகையில் சேரவில்லை.

கத்துவதற்கு நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் செல்வி பேசினாள்.

"இதுக்குக் கண்ணு போன அன்னிக்கு அம்மன்கிட்ட போயி அழுதேன் மாஸ்டர். இத எங்கிட்ட வுட்டுடு, உன் பிரசாதத்துல மொத பங்கு இதுக்குத் தரேன்னு வேண்டிக்கினேன். நீங்க ஊசிய நம்பிக்கினு இருக்கீங்க. நான் அவள நம்பிக்கினு இருக்கேன். இப்ப நிறுத்துன்னா நான் அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

இழுத்த மூச்சை அப்படியே விட்டேன். அந்த வீட்டில் அந்த நாயைக் காப்பாற்ற எல்லோரையும்விட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளிடம் போய் நான் எதைக் கத்துவது?

4. இன்னொரு மாவு

சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ஏம்மா, வீட்டுல அம்மன் படத்துக்கு முன்னாடி வெச்சுப் படைச்சா அதுவும் பிரசாதம்தான?"

"ஆமா மாஸ்டர்."

"என் பிஸ்கட்ட வெச்சா?"

"முட்ட, கறியெல்லாம் போட்டத சாமிக்கு வெப்பாங்களா மாஸ்டர்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது ரெண்டும் இல்லாம போட்டுத் தரேன்."

செல்வி ஜிம்மியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "குளிச்சிட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

அதுவரை எந்த முதலாளியும் என்னிடம் கேட்காத கேள்வி அது. போடுகிறேன் என்றேன்.

முட்டை இல்லாமல் கடலை மாவு பிஸ்கட் நிற்காது. முதல் ட்ரேயை எடுத்தால் கையில் உதிர்ந்தது. ஆளி விதையைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்தால் பசைபோல வரும், அதைச் சேர்த்ததும் மாவு பிடித்துக்கொண்டது. கோழி வாசனைக்குப் பதில் உப்பில்லாத வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கொஞ்சம் தூவினேன். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் இதெல்லாம். ஓவனைக் கழுவித் துடைத்து, புது ட்ரே வாங்கி, தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு நாய் பிஸ்கட் சுட்டேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செல்வி அவற்றைத் தட்டில் அடுக்கிப் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு தறிக்குழி ஓரம் உட்கார்ந்தாள். கறி இல்லாததை ஜிம்மி தொடாமல் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மூக்கு வந்தது. நின்றது. மறுபடி மோந்தது. பிறகு வெளியே வந்து, செல்வியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஏகாம்பரம் ஊசி போட்டான்.

அடுத்த டெஸ்டில் சர்க்கரை இறங்கியிருந்தது. போன கண் திரும்பவில்லை, ஆனால் உடம்பு தேறி, இப்போது என் செருப்புச் சத்தத்துக்கு வாலாட்டுகிறது. டாக்டரம்மா சொல்லி வேறு சில வீடுகளுக்கும் போட்டுக் கொடுக்கிறேன். தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முன்பெல்லாம் ஆர்டர் எடுக்கும்போது நான் அளவையும் ருசியையும் மட்டும்தான் கேட்பேன். இப்போது, இதுவரை என்ன கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மாவைத் தொடுகிறேன். அதைக் கற்றுக்கொடுத்த செல்விக்கும், நான் கத்தியும் போகாமல் வாசலில் நின்ற ஏகாம்பரத்துக்கும், என்னை மறுபடி ஓவன் பக்கம் இழுத்த ஜிம்மிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிஸ்கட்டை முதன்முதலில் படைத்த அன்று, நான் கிளம்பும்போது செல்வி தட்டோடு வந்தாள். "மாஸ்டர், கைய நீட்டுங்க. உங்களுக்கும் சுகர்தான?" என்று ஒரு பிஸ்கட்டை என் கையில் வைத்தாள். சுகர் வந்த நாளிலிருந்து நான் சுட்ட எதையும் நான் தின்றதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். உப்பில்லை, இனிப்பில்லை. ஜிம்மி என் காலருகே வந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. நான் ஒரு தூள் விடாமல் தின்றேன்.