அன்னக்கிளி கேட்ட பச்சை

புண்ணாக்குக் கடை சங்கரசுப்புவின் மனைவி அன்னக்கிளி, அவருக்குத் தாய்மாமன் மகள்தான். கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டவள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும், மூத்த மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அதோடு அடுப்படிச் சுவரலமாரிக்கும் பெயிண்ட்டு அடித்துவிடலாம் என்றார் சங்கரசுப்பு. மருமகள் புழங்கப்போகிற இடமாச்சே. புகை குடித்துக் குடித்து சுவரும் அலமாரியும் ஒரே கருப்பாக ஒட்டிக் கிடந்தன.

அந்தக் கருப்புதான் அன்னக்கிளிக்குச் சத்துரு. கொஞ்ச காலமாக அவளுக்குக் கண்ணில் புரை. எதிரே நிற்கிறவர் குரல் கொடுத்தால்தான் இன்னார் என்று தெரியும். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. உப்பு இடக்கைப் பக்கம், மல்லித்தூள் அதற்கடுத்து, புளிப்பானை கீழ்த்தட்டு என்று கை போகிற போக்கிலேயே சமைத்துவிடுவாள். எண்ணெய் காய்ந்ததை வாசமே சொல்லிவிடும். அலமாரித் தட்டின் ஓரம் மட்டும் ஏமாற்றும். தட்டு என்று நினைத்து வெறுங்காற்றில் நாழியை வைத்து அரிசியைச் சிந்தியிருக்கிறாள்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. அவளைப் பெற்றவளுக்கும் இப்படித்தான் வந்தது. கண் தெரியவில்லை என்று தெரிந்ததும் மகன் வீட்டில் அடுப்பைவிட்டு எழுப்பி, மூலையில் பாய் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். பிரியமாகத்தான் செய்தார்கள். தட்டில் சோறு கைக்கே வந்தது. ஆனால் ஆண்ட வீட்டில் அவள் விருந்தாளி ஆகிப்போனாள். புது மருமகள் வருகிற நேரம் தனக்கும் அந்தப் பாய்தான் என்று அன்னக்கிளிக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

பெயிண்டர் மைதீன் பாட்சா கடையநல்லூர்க்காரர். அலமாரிக் கதவில் மூன்று கோடு இழுத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மைனி, இதுல எது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க. கதவு முச்சூடும் அதையே அடிச்சிருதேன்."

சங்கரசுப்புவின் அக்கா பார்வதியம்மாள் கல்யாண வேலைக்காக இளையரசனேந்தலில் இருந்து வந்திருந்தாள். கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை. வெற்றிலையை மென்றுகொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அன்னக்கிளிக்கு மூன்று கோடும் அழுக்குமேல் அழுக்காகத்தான் தெரிந்தது. காலையில் பச்சை டப்பாவை உடைத்ததாகப் பேச்சு காதில் விழுந்திருந்தது. நடுக்கோட்டில் விரலை வைத்து, "இந்தப் பச்சையே இருக்கட்டும்" என்றாள்.

அது அரக்குச் சிவப்பு.

மைதீன் பாட்சா பிரஷ்ஷும் கையுமாக நின்றுவிட்டார். பார்வதியம்மாளுக்கு வெற்றிலை மெல்லுவது நின்றது.

"ஏட்டி, எதைப் பச்சைங்குத?"

அன்னக்கிளி வாயைத் திறக்குமுன் சங்கரசுப்பு குறுக்கே விழுந்தார். "கரிவலத்துக்காரங்க இதைத்தான் பச்சைம்பாங்கக்கா. அந்தூர்த் தண்ணி அப்படி."

"என்னலே சொல்லுத? நம்ம அம்மை பொறந்த ஊரும் அதானலே. அவ பச்சையைப் பச்சைன்னுதான சொன்னா?"

"அம்மை இங்கன வந்து திருந்திட்டா. இவ இன்னும் திருந்தல."

"நல்லா வாச்சா உனக்கு" என்று சிரித்துக்கொண்டே பார்வதியம்மாள் எச்சில் துப்ப வாசலுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சங்கரசுப்பு குரலைத் தாழ்த்தினார். "பாட்சா, சுவருக்கு நீலம் போட்டு வெள்ளை வெளேர்னு அடியும். அலமாரிக்குக் கரும்பச்சை. தட்டு ஓரத்துலயும் நிலை ஓரத்துலயும் ரெண்டு விரக்கடைக்கு வெள்ளைப் பெயிண்ட்டு இழுத்திரும்."

"ரோட்டுப் பாலத்துக் கல்லு மாதிரி பட்டை பட்டையா இருக்கும், அண்ணாச்சி."

"இருந்துட்டுப் போகுது."

மைதீன் பாட்சா சுண்ணாம்பு கரைக்கப் புறவாசலுக்குப் போனார். அன்னக்கிளி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பம் தெரியும்?"

"போன கார்த்திகையில. கத்தரிக்காக் குழம்புல காம்போட ஒரு புழுவும் வந்துச்சு."

"என்ன செஞ்சீக?"

"தட்டுக்கடியில ஒளிச்சு வச்சேன். குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீயா எந்திரிச்சுப் போயிருவ. உங்க அம்மையை நானும்தான பாத்தேன்."

அன்னக்கிளி நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு, "இனிமே காய நீங்க நறுக்கித் தாங்க" என்றாள்.

"நறுக்குதேன். அக்கா ஊருக்குப் போகட்டும்."

பெயிண்ட்டு காய்ந்ததும் அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். எங்கே தட்டு முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று அவள் கண்ணுக்கே தெரிந்தது. நாழியைத் தூக்கித் தடவிப் பார்க்காமல் வைத்தாள். நின்றது.

பார்வதியம்மாள் சும்மா விடுவாளா? "இது என்னலே ஓரத்துல வெள்ளை?" என்று கேட்டாள்.

"இப்பம் இதான்க்கா மோஸ்தரு. நம்ம கடைக்கும் இப்படித்தான் அடிக்கப்போறேன்" என்று சங்கரசுப்பு வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அடிக்காமல் இருக்க முடியுமா? மறுநாளே கடையில் இருந்த பலகை அத்தனைக்கும் வெள்ளைக் கோடு விழுந்தது.

கடைத்தெருவே வந்து பார்த்தது. "என்னவே, புண்ணாக்குக்கு விபூதி பூசியிருக்கீரு?" என்று கேலி பேசாத ஆள் இல்லை.

சங்கரசுப்பு தராசில் இருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம வீட்டுல சொன்ன நிறம்வே. அவ தேர்வுன்னா தேர்வுதான்" என்பார்.