பூச்சியமும் ஒன்றும் இரண்டு சிரட்டைகளும்

காலை ஒன்பதே முக்காலுக்குப் பல்கலைக்கழக ஜெனரேட்டர் மண்ணெண்ணெய் தீர்ந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேட்டரோடு கணினியும் நின்றது. மகள் சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள்.

கணினிக்குள்ளே இன்னொரு பாவனைக் கணினியை ஓட்டுவது அவளுடைய இறுதியாண்டு வேலை. அந்தப் பாவனைக் கணினிக்கு எத்தனை செயலிகள், அதாவது மூளைகள், எது சும்மா இருக்கிறது, எது வேலையில் இருக்கிறது என்று மற்ற நிரல்கள் கேட்டறிய அவள் ஒரு வழி வகுக்க வேண்டும். விரிவுரையாளர் பின்னேரம் வீட்டுக்கு வருவாராம். ஆட்களை வைத்தாவது ஓட்டிக் காட்டினால், அடுத்த முறை எண்ணெய் கிடைக்கும்போது ஜெனரேட்டர் அவளுக்கு. இல்லாவிட்டால் இன்னொரு வருடம் பலாலி வீதியில், குண்டு போடும் விமானங்களுக்குக் கீழே சைக்கிள்.

நானும் மனைவியும் மூளைகளாக நியமனம் பெற்றோம். கூட்டல் கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை. கணினியில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குமாம். நான் பூச்சியம்.

“உது இப்பதான் தெரியுமோ?” என்றாள் மனைவி, மீன் வெட்டியபடி.

ஒத்திகை தொடங்கியது.

“பூச்சியம், சும்மாவோ இருக்கிறியள்?”

“ஏன் பிள்ளை?”

“அப்பா! ஓம், இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“ஏனெண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?”

மகள் தாயிடம் திரும்பினாள். “ஒண்டு, நீங்கள் சும்மாவோ?”

“ஆர் சொன்னது? கொப்பரோ?” என்றாள் அவள் என்னைக் காட்டி.

எங்கள் வீட்டில் சும்மா இருப்பதாக ஒப்புக்கொண்டவர் அடுத்த நிமிடம் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்பார். ஆகவே இரண்டு மூளைகளும் கேள்வியையே திருப்பிக் கேட்டன. கணக்குகள் தேங்கிக் கிடந்தன.

நடுவில் விமானம் இரைந்தது. மூவரும் முற்றத்துப் பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கினோம். அங்கேயும் அவள் விடவில்லை. “இப்ப எத்தினை மூளை இருக்கு?”

“ஒண்டும் இல்லை. இருந்திருந்தால் உன்னை உந்தப் படிப்புப் படிக்க விட்டிருப்பமோ?” என்றாள் மனைவி.

மேலே வந்ததும் மகள் குசினியிலிருந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தாள். கணக்கைக் கையில் எடுத்தால் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும். முடித்தால் நிமிர்த்த வேண்டும். இனி எங்களிடம் எவரும் கேட்கத் தேவையில்லை, சிரட்டையைப் பார்த்தால் போதும். கணக்குகள் ஓடத் தொடங்கின.

பின்னேரம் விரிவுரையாளர் வியர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்தார். மகள் சிரட்டை முறையை விளக்கி, சில கணக்குகளை ஓட்டிக் காட்டினாள். என் சிரட்டை நிமிர்ந்து கிடந்தது.

“ஐயா, சும்மாவோ இருக்கிறியள்?”

“ஏன் சேர், என்ன அலுவல்?”

அவர் சிரட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“சரி பிள்ளை, அடுத்த எண்ணெய் உமக்கு. உவையிட்டை ஒண்டும் கேளாமல் விட்டது நல்ல வேலை.”