பதினேழாம் எண் பலகை

கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் ஆரோக்கியம்மாளின் தையல் கடைக்குக் கதவு கிடையாது. ஒன்பது பலகைகள் உண்டு. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றுவார், சாயங்காலம் வரிசையாகச் செருகுவார். முதல் பலகையில் நகராட்சி எப்போதோ சூடு போட்ட கடை எண், பதினேழு. அதற்கு மேலே, தினமும் தைக்க உட்காரும்முன் அவர் சாக்பீஸால் போடும் சிலுவை.

மார்க்கெட்டை இடித்து மூன்று மாடி கட்டப்போகிறார்கள் என்றதும், இடிக்கிற வண்டிக்கு முன்னால் கலை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ஸ்ரீமதி என்பவர். புதுக் கட்டடத்தில் மார்க்கெட் மக்களின் நினைவாகக் கலைச் சேகரிப்பு வைப்பது அவர் பொறுப்பு. கடைக்கு ஒரு பொருள் கேட்டார். பக்கத்துக் கடை ராஜவேல் ஓட்டைத் தராசைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். ஆரோக்கியம்மாளோ மாதா கோயில் தேருக்கே கடையிலுள்ள உசத்தியான துணியைக் கொடுத்துப் பழகியவர். முதல் பலகையைக் கொடுத்தார். ஸ்ரீமதி அந்தச் சிலுவையைத் தொட்டுக் கண்கலங்கினார்.

கட்டடம் எழும்பியது. பழைய ஆட்களுக்குக் கடை ஒதுக்க கார்த்திகேசன் என்ற அதிகாரி வந்தார். ஆரோக்கியம்மாளின் காகிதமெல்லாம் ஒரு மழையில் வெள்ளத்தோடு போயிருந்தது. எண் போட்ட பலகை இருந்தாலும் போதும் என்று அதிகாரியே இரக்கப்பட்டார். மிச்சம் எட்டுப் பலகையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார் ஆரோக்கியம்மாள். அதிகாரி எட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கம்மா?"

"அது கீழ கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குது சார்."

போட்டோ செல்லாதாம், அசல் மேசைக்கு வர வேண்டுமாம். சேகரிப்பில் பதிந்த பொருள் வெளியே வராதாம். ஸ்ரீமதி உண்மையாகவே வருந்தினார். பெட்டியின் கீழே 'பலகை, தேக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. என் பேரையாவது எழுதுங்களேன், அதைக் காட்டிக் கேட்கிறேன் என்றார் ஆரோக்கியம்மாள்.

"இது எல்லாரோட அடையாளம்மா. ஒருத்தர் பேரு போட்டா சின்னதாயிடும்."

பதினேழாம் கடை செல்போன் உறை விற்கிறவருக்குப் போனது.

திறப்பு விழாவன்று பலகைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கும்படி ஆரோக்கியம்மாளை அழைத்தார்கள். பார்க்க உயிரோட்டமாக இருக்குமாம். மெஷினோடு போனார். உட்காரும்முன் பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்துக் கண்ணாடிமேல் சிலுவை போட்டார். காவலுக்கு நின்ற செம்பியன் துணியோடு வந்து துடைத்தான்.

"கோச்சுக்காதக்கா. அஞ்சு மணிக்கு மெஷினயும் எடுத்துடணுமாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, தைக்க எதுவும் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வர, தன் முந்தானை ஓரத்தையே மடித்து ஊசிக்கடியில் கொடுத்தார்.