ஆற்றோரக் குடிலுக்குக் கிடைக்காத அனுமதி

சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஆற்றோரமாக நானும் கணவரும் ஒரு தோட்டத்துண்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஞாயிறுகளில் தங்குவதற்கு அதில் பலகைக் குடில் கட்ட அனுமதி கேட்டோம். ஊராட்சி அலுவலகமான கெமைண்டேயில் மறுத்துவிட்டார்கள். ஆறு பெருகினால் வெள்ளம் ஏறும் நிலமாம்.

"அகதியள் எண்டபடியால்தான் மறிக்கிறாங்கள்," என்றார் கணவர். நானும் நம்பினேன். அனுமதியில்லாமலே கட்டினோம்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, கணவர் வேலைக்குப் போயிருந்தார். மலைப்பக்கம் இரண்டு நாளாக மழை. எங்கள் பக்கம் நல்ல வெயில். குடிலுக்குள் ஒரு வயது மகள் தூங்க, நான் வெளியே பாத்தியில் போஞ்சிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்துத் தோட்டத்துச் சுவிஸ் பெண், "பிள்ளையைத் தூக்கு!" என்று கத்தினாள். பாத்திகளுக்குள் சேற்றுத்தண்ணீர் பாய்ந்து வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடி அணைமேட்டில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது குடில் சரிந்து மிதந்தது.

மறுவாரம் இருவரும் கெமைண்டேக்குப் போய், அனுமதி மறுத்த அலுவலரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் வரைபடத்தை விரித்து, வெள்ளம் ஏறும் இடத்தைக் காட்டினார். எங்கள் தோட்டத்துக்கு அருகே அவருடைய தம்பியின் தோட்டமும் இருந்தது. "அவனுக்கும் இல்லையென்றுதான் சொன்னேன்," என்றார்.

இப்போது வீடு தேடும் நம்மவர்களிடம், "குசினியைப் பிறகு பாருங்கோ, முதல்லை கெமைண்டேயிலை அந்த வெள்ளப் படத்தைக் கேளுங்கோ," என்கிறேன்.