கல்பாவின் மார்புக்குள் பதினெட்டு டிகிரி

கணவாய் ஏறும்போதெல்லாம் கல்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் தேல் அங்கியின் மூன்றாவது பொத்தானைக் கழற்றுவார். கழுத்தை மடக்கித் தன் மார்புக்குள்ளேயே எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் சாலையை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வேனில் இருக்கும் பதினொரு பேருக்கும் கேட்கும்படி அறிவிப்பார்: “பதினெட்டு! சுகமா இருக்கு.”

சுகமாக இருப்பது தோல்கோர் அக்காவின் இன்சுலின். தலைநகர் உலான்பாதரிலிருந்து எங்கள் ஊருக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர். வாரத்துக்கு இரண்டு நடை கல்பா அந்தச் சாம்பல் நிற ருஷ்ய வேனை ஓட்டுகிறார். மாதத்தில் ஒரு நடை மருந்து வரும். எல்லோருடைய சாமானும் கூரைக்கு ஏறும். கூரையில் வருகிற ஆட்டுத் தொடை ஊருக்கு வந்து சேரும்போது கோடாலி கேட்கும். மருந்து அப்படி வரக் கூடாது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது, அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்காக ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். “எங்க மாமியார் மாதிரி வாத்தியாரே. சூடும் ஒத்துக்காது, குளிரும் ஒத்துக்காது” என்பார் என்னிடம்.

கல்பத்ராக் என்ற முழுப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. வயது நாற்பத்தாறு. உயரத்தில் மிச்சம் பிடித்ததை அகலத்தில் செலவழித்த உருவம். வாலிபத்தில் மல்யுத்தம் செய்தவர். மல்யுத்தம் போய்விட்டது, உடம்பு போகவில்லை. கம்பளிச் சட்டைக்கும் ஆட்டுத்தோல் வைத்த அங்கிக்கும் நடுவில், அந்த வயிற்றின் மேல், மருந்துப் பை கழுத்திலிருந்து தொங்கும். கூடவே ஒரு தெர்மாமீட்டர். அது தோல்கோர் அக்கா கொடுத்தது. அவள் எங்கள் ஊர் வானிலை நிலையத்தில் குளிரையும் காற்றையும் அளந்து எழுதுகிறவள்.

வழி முழுக்க அவளிடமிருந்து போன் வரும். “கல்பா, இங்க மைனஸ் முப்பத்தஞ்சு. வடக்குக் காத்து. என் சாமான் எப்படிடா இருக்கு?”

“பதினெட்டுக்கா.”

“வாய்க்கு வந்ததைச் சொல்லாத. பாத்துச் சொல்லு.”

“பதினேழரைக்கா.”

வழிக்கடையில் சூப்பு குடித்தால் கல்பாவுக்கு வேர்க்கும். வேர்த்தால் உள்ளே இருபத்தைந்தைத் தாண்டும். உடனே ஜன்னலைத் திறந்துவிடுவார். பதினொரு பேரும் கத்துவோம். எங்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்தால் அவருக்குப் பரவாயில்லை. யாரையும் கட்டிப் பிடிக்க மாட்டார், குப்பி உடைந்துவிடும். போன புதுவருஷத்தில் சொந்தத் தம்பியைக் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திக் கும்பிட்டு அனுப்பியதில் அவன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

ஊசிகள் சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வரும். நகர எல்லைச் சாவடியில் புதுப் போலீஸ்காரர் யாராவது அதைத் திறந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். “என்னய்யா, இவ்வளவு ஊசி? யாருக்கு?” கல்பா டாக்டர் கடிதத்தை நீட்டுவார். ஒரு முத்திரை போதும் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் நான்கு முத்திரை குத்தி வாங்கிய கடிதம் அது. “சரி, மருந்து எங்க?” “உள்ள இருக்கு.” “எடு.” “எடுக்க முடியாதுங்க. நீங்க உள்ள வந்து கதவைச் சாத்திட்டுப் பாருங்க.” போலீஸ்காரர் வேனுக்குள் ஏறி, தொப்பியைக் கழற்றி, கல்பாவின் மார்புக்குள் முகத்தை விட்டுப் பார்த்துவிட்டுச் சிவந்துபோய் இறங்குவார்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு வருஷமாகத்தான். அதற்கு முன்பு மருந்து முன்கண்ணாடிக்குக் கீழே வரும். ஒரு ஜனவரியில் நடுவழியில் ஹீட்டர் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் வெளியே நின்று சரிசெய்தார். அதற்குள் மருந்து உறைந்து, ஹீட்டர் ஓடியதும் உருகியும்விட்டது. ஒன்றும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்காம் நாள் தோல்கோர் அக்காவை நினைவில்லாமல் மாகாண ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்பா மூன்று நாள் அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கத் தெரியாத அந்த வாய் மூன்று நாளும் மூடியே இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன மாதம் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

வழிக்கடையில் செரென்பில் தாத்தா உட்கார்ந்திருந்தார். குதிரை மேய்க்கிறவர், இரண்டு கண்ணிலும் புரை. கல்பாவின் குரலைக் கேட்டதும் தன் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து நீட்டினார். பெரியவர் நீட்டினால் நாமும் நம்முடையதை நீட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கல்பா ஏதோ கதை சொல்லிக்கொண்டே மார்புக்குள் கையை விட்டு, கிடைத்ததை எடுத்து, வலது உள்ளங்கையில் வைத்து மரியாதையாக நீட்டினார். அவர் மனைவி பொடிக் குப்பிக்குத் தைத்த அதே நீலப் பட்டில்தான் மருந்துக் குப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன உறை தைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே கூச்சல். கடை நாய் வேன் மேல் ஏறி யாருடைய ஆட்டுத் தொடையையோ இழுத்துக்கொண்டிருந்தது. தாத்தாவின் குப்பியைக் கையில் பிடித்தபடியே கல்பா ஓடினார். நாயை விரட்டி, தொடையை மீட்டு, கையிலிருந்த குப்பியை மார்புக்குள் போட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாற்பது கிலோமீட்டர் தாண்டிக் கணவாயில் பொத்தானைக் கழற்றி எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டுத் துழாவினார். “இதென்னடா, என்கிட்ட ரெண்டு பொடிக் குப்பி!”

வேனே சிரித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு அக்காவுக்கு இரண்டு குப்பிதான் கொடுப்பார்கள். அதில் ஒன்று எங்கேயோ ஒரு குதிரையின் மேல் போய்க்கொண்டிருந்தது.

கல்பா யாரையும் கேட்கவில்லை. வேனைத் திருப்பினார். “எம்பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் போறேன்யா!” என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் அலறினாள். “அடுத்ததுக்குப் போய்க்கலாம்” என்றார் கல்பா. வழிக்கடைக்கே திரும்பி வந்து, அங்கிருந்து பனியில் குதிரைக் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சாலையை விட்டு இறங்கினோம். அரை மணி நேரம் குலுங்கியதில் என் தலை கூரையோடு நல்ல பழக்கமாகிவிட்டது.

தாத்தா தன் கூடாரத்துக்கு வெளியே, குதிரை கட்டும் கம்பத்தருகே நின்று, பக்கத்துக் கூடாரக்காரர்களுக்கு மருந்துக் குப்பியைக் காட்டிக்கொண்டிருந்தார். வெறும் கையில். மைனஸ் முப்பத்தாறில்.

கல்பா பாய்ந்து பிடுங்கியிருப்பார். ஆனால் பெரியவரிடம் பிடுங்க முடியுமா? அவருடைய குப்பியை இரண்டு கையாலும் கொடுத்து, குனிந்து நின்றார். தாத்தா அதை நிதானமாக வாங்கி, முகர்ந்து பார்த்து, ஆரம்பித்தார்.

“குளிர்காலம் எப்படிப் போகுது தம்பி?”

“நல்லாப் போகுதுங்க தாத்தா.”

“ஆடு, மாடெல்லாம் கொழுப்பா இருக்கா?”

“என்கிட்ட வேன் மட்டும்தாங்க இருக்கு. அதுவும் கொழுப்பாத்தான் இருக்கு. தாத்தா, அந்தக் குப்பி...”

“அதைத்தான் சொல்ல வந்தேன். உம் பொடியில காரமே இல்லப்பா. மூணு தடவை இழுத்துப் பாத்தேன். மூடியும் திறக்கல. மருந்துக் கடை வாசனைதான் வருது. நல்ல கடையா பாத்து வாங்கு.”

“சரிங்க தாத்தா. இது எங்க இருந்துச்சு, இவ்வளவு நேரமும்?”

“நெஞ்சுக்குள்ளதான். பொடிக் குப்பியை வேற எங்க வைப்பாங்க? இப்பத்தான் வெளிய எடுத்தேன். ரெண்டு நிமிஷம் ஆச்சு.”

“பத்து நிமிஷம் இருக்கும்” என்றான் பக்கத்தில் நின்றவன்.

கல்பா மருந்துக் குப்பியை வாங்கி மார்புக்குள் வைத்துக்கொண்டார். அங்கிருந்து ஊர் வரைக்கும் பொத்தானைக் கழற்றவில்லை, எண்ணும் சொல்லவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினார். வேன் அத்தனை ஒழுங்காகப் போனதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மாலை நான்கு மணிக்கு ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியில் தோல்கோர் அக்கா வீட்டுக்கு வந்தோம். என் வீடு அதற்கும் அப்பால். நானும் குளிருக்குப் பயந்து கூடவே உள்ளே போனேன். கல்பா எதையும் மறைக்காமல் சொன்னார். “இது நல்லதுக்கா. இன்னொண்ணைத் தூக்கிப் போட்டுடுங்க. அது என்னாச்சோ எனக்குத் தெரியாது.”

“மாசத்துக்கு ரெண்டு. அதுல ஒண்ணத் தூக்கிப் போடவா? காத்து அடிச்சுதா?”

“இல்லக்கா.”

“கையில மூடி வெச்சிருந்தாரா, விரிச்சு வெச்சிருந்தாரா?”

“மூடித்தான். காட்டும்போது விரிச்சாரு.”

அக்கா சந்தேகக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். “அப்போ முதல்ல இதத்தான் போடுவேன். இப்ப சர்க்கரை பாத்துக்கிறேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கிறேன். இறங்கினா மருந்து நல்லது. இறங்கலேன்னா மத்ததைப் போட்டுக்கிறேன். காலம் பூரா அளக்கிறதுதானடா என் பொழப்பு.”

“வேணாங்க்கா.”

“மூஞ்சியைப் பாரு. திரும்பி நில்லுடா.”

நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். “ஆச்சு. போய்ச் சாப்பிடு. வாத்தியாரைக் கொண்டுபோய் விடு” என்றாள்.

கல்பா வேனுக்கு வந்தார். நானும் ஏறி, வீட்டில் ஆறிக்கொண்டிருக்கும் என் கொழுக்கட்டைகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இந்தக் குளிரில் திறந்த வெளியில் யாரும் இஞ்சினை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் எண்ணெய் மெழுகாக இறுகிவிடும். மறுநாள் மத்தியானம் வரை அடியில் நெருப்புக் காட்டினால்தான் வண்டி எழுந்திருக்கும். கல்பா கியரில் கை வைத்தார். அக்கா வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், அந்த மேஜைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.