சுடாத மாதிரி

எங்கள் பட்டறையில் அவருக்கு ‘மாதிரியக்கா’ என்று பெயர். என் மனைவியின் அக்கா என்பதால் எனக்கு மட்டும் இரட்டைத் தலைவலி. பட்டறையில் நான் தப்பு செய்தால் வீட்டில் தட்டு நங்கென்று விழும்.

மருந்துத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் போகிற எஃகுக் குழாய்களை இணைப்பது எங்கள் வேலை. நிஜத்தில் இணைப்பது மிஷின்தான். குழாயைக் கவ்விக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வெல்டிங் போட்டுவிடும். பட்டனை அமுக்குவது நான். வெளியே பார்த்தால் எல்லா ஜாயிண்டும் புது மாப்பிள்ளை போல மினுக்கும். வண்டவாளம் உள்ளேதான் தெரியும். குழாய்க்குள் வாயு சரியாகப் பாய்ந்து காற்றை வெளியேற்றவில்லை என்றால் உள்பக்கம் நீலம் பாய்ந்து, நாளைக்கு அங்கேதான் துரு ஏறும்.

அதனால் காலையில் ஒரு தடவை, வாயு சிலிண்டர் மாற்றினால் ஒரு தடவை, இரண்டு சின்னத் துண்டுகளை ஒட்டி மாதிரி கொடுக்க வேண்டும். அக்கா அதை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்ப்பார். வெள்ளியாக இருந்தால் கையெழுத்து. நீலமாக இருந்தால் கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது. நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? காலையில் மிஷின் ஒழுங்காக ஓடும்போதே இரண்டு மாதிரி போட்டு, ஒன்றை டிராயரில் பதுக்கி வைப்போம்.

அன்று மதியம் சிலிண்டர் மாற்றினேன். லாரி வாசலில் நின்றது. மாதிரியெல்லாம் பிறகு பார்க்கலாம், ஓட்டு என்றார் சூப்பர்வைசர். பத்தொன்பது ஜாயிண்ட் ஓட்டினேன். பிறகு டிராயரில் கிடந்ததை எடுத்துப்போய் அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா ரம்பத்தைத் தொடவில்லை. துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“தம்பி, இத இப்பதான் போட்டீங்களா?”

“இப்பத்தான்க்கா.”

“அப்ப ஏன் சுடல?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான். அக்கா எழுந்து வந்து மிஷின் பக்கத்தில் நின்று, கண்ணெதிரே இன்னொன்று போடச் சொன்னார். அறுத்தார். உள்ளே மை கொட்டின நீலம். சிலிண்டர் மாற்றிய அவசரத்தில் வாயு வரும் ஹோஸ் பைப்பை முழுதாக முறுக்காமல் விட்டிருந்தேன்.

சூப்பர்வைசர் ஒரு ஜாயிண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்கம்மா, நல்லா இருக்கிற மாதிரிதான இருக்கு?”

“நல்லா இருக்கிற மாதிரி இருந்தா போதாது சார். மாதிரி நல்லா இருக்கணும்.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் முகம் கறுத்தது. இந்த மாதம் உங்கள் வேலை ஒப்பந்தம் முடிகிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். என் சகலை முதுகில் அறுவை செய்து படுத்திருந்த நேரம் அது. அந்த வீடு அக்காவின் ஒற்றைச் சம்பளத்தில் ஓடியது. அக்காவுக்கு அது தெரியாதா? பத்தொன்பது எண்களையும் எழுதி, கீழே ‘கூடாது’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். அத்தனையையும் அறுத்தோம். ஒன்றுகூட வெள்ளியாக இல்லை. லாரி வெறுங்கையோடு திரும்பியது.

மறுநாள் அக்காவைப் பெட்டி கட்டும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேஜையில் சூப்பர்வைசரின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். மாதிரி போய்ச் சேரும் முன்பே கையெழுத்து வந்து சேர்ந்தது. தப்பு செய்தவன் மிஷினில் இருக்கிறேன், கண்டுபிடித்தவர் பெட்டி கட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் முற்றி ரோஷமாகியது.

மிஷினில் ஒரு மாதிரி போட்டேன். சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு, ரம்பத்தை அக்குளில் இடுக்கி, சூப்பர்வைசர் மேஜையைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குப் போனேன். அக்கா கையில் வைத்தேன்.

“சுடுதாக்கா?”

“சுடுது தம்பி.” அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். திரும்பினால், மற்ற மூன்று மிஷின்காரர்களும் ஆளுக்கொரு சூடான துண்டோடு என் பின்னால் நிற்கிறார்கள்.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இங்கே யார் கையெழுத்துப் போடுவது என்று கத்தினார். அக்கா தலை நிமிரவில்லை.

“கையெழுத்த அங்கயே போட்டுக்கட்டும் சார். பாக்கிறது நான் பாக்கிறேன்.”

சொல்லிவிட்டு அறுக்க ஆரம்பித்தார்.